முன்சக்கரத்துக் கல்

எங்கள் சூரியநெல்லியில் சமமான தரையைக் காண வேண்டுமென்றால் தேயிலை பாக்டரிக்குள்தான் போக வேண்டும். மற்றதெல்லாம் ஒன்று ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். லயத்து வரிசை வீடுகளின் வாசலில் ஒரு குடத்தை வைத்தால்கூட ஒரு பக்கமாகச் சாயும். இப்படிப்பட்ட ஊரில் வண்டியை நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல் வைப்பது, செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைவதைப் போல. யாரும் சொல்லித் தருவதில்லை. ஜீப்போ ஆட்டோவோ ஸ்கூட்டரோ, யாருடையதாக இருந்தாலும் சரி, சரிவில் கல் இல்லாமல் நிற்பதைப் பார்த்தால் வழியே போகிறவர் ஒரு கல்லைத் தேடி எடுத்து முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போவார். நல்ல பழக்கம்தான். அந்த நல்ல பழக்கத்தால் நான் பட்ட பாட்டைத்தான் சொல்ல வந்தேன்.

எனக்கு இடது காலில் போலியோ. ஊன்றுகோல் ஒன்று, பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம் மாட்டிய ஸ்கூட்டர் ஒன்று, இரண்டும் சேர்ந்ததுதான் என்னுடைய நடை. தொழில் தையல். லயத்துப் பெண்களின் ரவிக்கையிலிருந்து கோவில் பீடத்துத் துணிக்கு விளிம்பு அடிப்பது வரை எல்லாம் என் மெஷினில் ஏறி இறங்கியவை. என் கணவருக்குப் பாக்டரியில் வேலை, கொழுந்தை உருட்டும் மெஷின் பக்கம். பக்கத்து வீட்டில் அவருடைய அக்கா இருக்கிறார். நான் மதினி என்று கூப்பிடுவேன். கொழுந்து எடுக்கப் போகிறவர், தனி ஆள். தன் வீட்டோடு சேர்த்து எங்கள் வீட்டையும் ஆளுகிறவர்.

சைடு சக்கரம் வைத்த வண்டிக்கு ஸ்டாண்டு எதுவும் பயன்படாது. நிறுத்திய இடத்தில் நிற்க வைப்பது பார்க்கிங் பிரேக் ஒன்றுதான். அது ஒன்றும் பெரிய சங்கதி இல்லை. இடது கைப் பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அதன் அடியில் இருக்கும் சின்னக் கொக்கியை விரலால் தள்ளினால், இழுத்த பிரேக் இழுத்தபடியே நிற்கும். அந்தப் பிரேக்கின் கம்பி பின்சக்கரத்துக்குப் போகிறது. கம்பி தளர்ந்துவிட்டால் கொக்கி என்னவோ விழும், சக்கரம்தான் நிற்காது. என் வண்டியில் அது தளர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஓட்டும்போது கையால் முழுக்க அழுத்தினால் பிரேக் பிடிக்கும். கொக்கியை நம்பி நிறுத்தி வைத்தால் மெல்ல மெல்ல நழுவும்.

ஒரு தடவை ரேஷன் கடைச் சரிவில் என்னை விட்டுவிட்டுத் தனியாகவே கிளம்பியிருக்கிறது. நான் கடைக்குள் இருந்தேன். வெளியே வரிசையில் நின்ற மதினி, அரிசிப் பையைப் போட்டுவிட்டு ஓடி, பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துத் தொங்கி நிறுத்தினார். சைடு சக்கரம் அவருடைய கால் கட்டைவிரலில் ஏறி இறங்கியது. அந்த நகம் விழுந்தது, பிறகு ஒழுங்காக முளைக்கவே இல்லை. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அன்றிலிருந்து என் வண்டி எங்கே நின்றாலும் கல்லை எடுத்துக்கொண்டு முதலில் வருவது அவர்தான். சும்மா வைக்க மாட்டார். வைத்துவிட்டுக் குதிகாலால் நாலு உதை உதைப்பார். டயருக்கும் கல்லுக்கும் நடுவே காற்றுகூடப் போக முடியாது.

இதில் எனக்கு என்ன கஷ்டம் என்று கேட்கலாம். என் வண்டியில் ரிவர்ஸ் கிடையாது. மற்றவர்களைப் போலக் காலை ஊன்றித் தள்ளிப் பின்னால் எடுக்கவும் என்னால் முடியாது. அதனால் எங்கே போனாலும் முதலில் வண்டியைத் திருப்பி, இறக்கத்தைப் பார்த்து நிறுத்திவிடுவேன். கிளம்பும்போது நேராகப் போகலாமே. இறக்கத்தைப் பார்த்து நிற்கிற வண்டிக்குக் கல் முன்சக்கரத்தின் முன்னால் வரும். வண்டியின் கனம் முழுவதும் அந்தக் கல்லின்மேல் சாய்ந்துகொள்ளும். அதை எடுக்க ஒருவர் வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் குனிந்து கல்லைப் பிடுங்க வேண்டும். நானே தரையில் உட்கார்ந்து பிடுங்கினால் வண்டி என்மேலேயே வரும். ஆகவே எங்கே போனாலும் வருவது என் இஷ்டம், போவது ஊரார் இஷ்டம். "அண்ணே, அந்தக் கல்லக் கொஞ்சம்," என்று நான் கேட்காத ஆள் சூரியநெல்லியில் இல்லை. எல்லோரும் சிரித்த முகத்தோடுதான் எடுத்துவிடுவார்கள். அந்தச் சிரித்த முகங்கள்தான் எனக்கு ஆகவே ஆகாது.

போன மே மாதம் சொந்தக்காரர் வீட்டில் ஒரு பிள்ளைக்குப் புதுநன்மை, கோவிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற விழா. பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு. பந்தலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் சாந்தன்பாறையில் ஒரு தையல் கூடம் நடத்துகிற அம்மா. மலையாளம் பேசுகிறவர், எங்களோடு பேசினால் தமிழும் வரும். பள்ளிக்கூடங்கள் திறக்கப் போகிற நேரம், யூனிபாரம் நிறைய வந்திருக்கிறது, துணி வெட்டிக் கொடுக்கவும் மற்றப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்கவும் கை தேர்ந்த ஆள் வேண்டும் என்றார். என் தையலை அவர் முன்பே பார்த்திருக்கிறார். "சாவி உங்ககிட்டதான் இருக்கும். காலையில நீங்க போய்த் திறக்கணும், மத்தவங்க பின்னாலதான் வருவாங்க. கூடம் ஒரு கேற்றத்துமேல இருக்கு, நல்ல சரிவு, கேட்டோ. வண்டி நிறுத்த வேற இடமில்ல."

என் மனம் அந்த நிமிஷமே சாவியை வாங்கிக்கொண்டது. வெட்டு மேசை, வரிசையாக மெஷின்கள், நான் சொல்வதைக் கேட்டு அளவு பிடிக்கிற பெண்கள். லயத்து ஜன்னலோரம் ஒற்றை மெஷினில் காலத்தை ஓட்டுகிறவளுக்கு அது எவ்வளவு பெரியது என்று தையல்காரிக்குத்தான் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் எதிர்ப்பக்கம் பரிமாறிக்கொண்டிருந்த மதினி கரண்டியோடு நிமிர்ந்தார்.

"அவளுக்கு அது ஒத்துவராதும்மா. அங்கன யாரு இருக்கா, வண்டிக்குக் கல்லு வைக்கவும் எடுக்கவும்?"

சுற்றி இருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஒரு கிழவர் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினார். அந்த அம்மாவும் பாவம், சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சாரமில்ல, பரவால்ல. ஆலோசிச்சுப் பாருங்க. வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள சொன்னா போதும். முடியலேன்னா நான் வேற ஆளப் பார்ப்பேன்."

எனக்குக் கோபம் வந்தால் காது முதலில் சூடாகும். இலையை மூடினேன், ஊன்றுகோலை எடுத்தேன், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்தேன். மதினிக்குக் கேட்கட்டும் என்று ஊன்றுகோலை வேண்டுமென்றே ஓங்கி ஊன்றினேன். வண்டியில் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரை முறுக்கினால், வண்டி இரண்டு இஞ்சு எழும்பி அப்படியே உட்கார்ந்தது. எட்டிப் பார்த்தேன். கல். மதினி வைக்கிற கல். நாலு உதை வாங்கிய கல்.

கோபித்துக்கொண்டு கிளம்பியவள் இஞ்சினை உறும விட்டுக்கொண்டு பந்தல் வாசலில் நின்றேன். உள்ளே இருப்பவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். கூப்பிடக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். எவ்வளவு நேரம்தான் கடிப்பது? கடைசியில் மதினியே கையைச் சேலையில் துடைத்தபடி நிதானமாக இறங்கி வந்தார். ஒருவரைப் பிடித்து வண்டியைப் பின்னால் இழுக்கச் சொன்னார், குனிந்து கல்லை எடுத்தார்.

"பாத்துப் போளா. வளைவுல மண்ணு சரிஞ்சு கெடக்கு."

அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் போயிற்று. திட்டியிருந்தால்கூட நிம்மதியாகப் போயிருப்பேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் வீடு வரைக்கும் ஓட்டினேன்.

சாயங்காலம் கணவர் வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கோபப்படத் தெரியாத மனிதர். யோசித்தார். பிறகு துணி காயப்போடுகிற நைலான் கயிற்றை அவிழ்த்து, ஒரு கல்லைச் சுற்றிக் கட்டி, மறு நுனியை என் கையில் கொடுத்தார். "சீட்டுல உக்காந்துக்கிட்டே இழுத்துக்கலாம். ஆளே வேண்டாம்." முகத்தில் அவ்வளவு சந்தோஷம். வாசல் சரிவில் வைத்து இழுத்துப் பார்த்தோம். வண்டியின் கனத்தில் கல் அசையவில்லை. நான் இன்னும் இழுத்தேன். கயிறு மட்டும் கழன்று என் மடியில் வந்து விழுந்தது.

"பிரேக்கச் சரி பண்ணுவோம்," என்றேன்.

"பிரேக்க நம்பலாமா? கல்ல நம்பலாம்."

"ஆனையிறங்கல் ரோட்டுல வண்டிய நிறுத்தியிருக்கேன்னு வைங்க. ஆனை வருது. கல்ல எடுக்க ஆனையவா கூப்பிட?"

அவர் சிரித்தார். ஆனால் அது வேடிக்கைப் பேச்சு இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். எங்கள் போனில் காலையில் முதலில் வருகிற செய்தியே ஆனை எந்த வளைவில் நிற்கிறது என்பதுதான். எல்லோரும் ஓடுகிற நேரத்தில் நான் யாரைக் கூப்பிடுவேன் என்று அவர் அதுவரை யோசித்திருக்கவில்லை போலும். சிரிப்பு நின்றது.

மறுநாள் கடைத்தெரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் வண்டியை ஓட்டிப் பார்த்தார், பிரேக் அடித்துப் பார்த்தார், நன்றாகத்தான் பிடிக்கிறது என்றார். நிறுத்தி வைத்தால் நழுவுகிறதே என்றேன். "அக்கா, அந்தக் கொக்கியெல்லாம் கீழ்நாட்டுக்குச் சரி. நமக்குக் கல்லுதான்." சொல்லிக்கொண்டே காலால் ஒரு கல்லை நகர்த்தி என் முன்சக்கரத்தில் சேர்த்தார். இனி இவரிடம் பேசிப் பயனில்லை என்று கல்லை எடுக்கச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் நாங்களே இறங்கினோம். பழைய தேயிலைப் பெட்டிப் பலகைகளை இரண்டு பக்கமும் போட்டு, சைடு சக்கரங்களை அதன்மேல் ஏற்றினார் என் கணவர். பின்சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கியது. முன்சக்கரத்துக்கு அப்போதும் கல்தான், வேறு வழியில்லை. பிரேக் கம்பி பின்சக்கரத்தில் வந்து முடிகிற இடத்தில் ஒரு நட்டு இருக்கிறது. வலப்பக்கம் திருகினால் கம்பி இறுகும், இடப்பக்கம் திருகினால் தளரும். வேலை அவ்வளவுதான். ஆனால் அந்த நட்டு இந்த ஊர் மழையெல்லாம் குடித்துத் துருவேறிக் கிடந்தது. தேங்காய் எண்ணெயை விட்டு, ஒரு காபி குடித்துவிட்டு வந்து, ஸ்பேனர் போட்டார். முனகிக்கொண்டு திரும்பியது.

அவர் பாக்டரிக்காரர். அங்கே எதையும் இனி திரும்பாது என்கிற வரைக்கும் இறுக்கித்தான் பழக்கம். பலகையிலிருந்து இறக்கி, சரிவில் நிறுத்தி, கொக்கியைப் போட்டேன். கல்லை எடுத்தார். வண்டி நின்றது. பின்னாலிருந்து இரண்டு கையாலும் தள்ளினார். மலைபோல நின்றது. தனக்குத்தானே ஒரு தடவை தலையாட்டிக்கொண்டு கை கழுவப் போனார். மதினி தன் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அடுத்த நாள் காலை, சாந்தன்பாறை வரைக்கும் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன். முதல் ஏற்றத்திலேயே வண்டி வயிற்றுவலிக்காரனைப் போல முக்கியது. இரண்டாவது வளைவில் ரப்பர் கருகுகிற வாடை. நிறுத்திவிட்டுக் குடிக்கிற தண்ணீரில் நாலு சொட்டைப் பின்சக்கரத்தின் நடுவில் தெளித்தேன். சுர்ரென்றது. நான் பிரேக்கைத் தொடவே இல்லை, அது தானாகவே பிடித்தபடி வந்திருக்கிறது. நிற்கவும் வேண்டும், ஓடவும் வேண்டும் என்பதை என் வீட்டுக்காரர் மறந்துவிட்டார். ஆறட்டும் என்று ஓரமாக உட்கார்ந்திருந்தேன். ஒரு ஜீப் நின்றது. டிரைவர் இறங்கி வந்தார். என்ன ஏது என்று கேட்பதற்கு முன்னால் என் முன்சக்கரத்துக்கு ஒரு கல்லை வைத்தார். அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் வந்தது.

அன்றைக்கு மறுபடி பலகை, மறுபடி எண்ணெய். இந்தத் தடவை ஸ்பேனரை நான் வாங்கிக்கொண்டேன். சாக்கை விரித்துச் சக்கரத்தின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவரைப் பிரேக்கின் பக்கம் நிற்கச் சொன்னேன். பாவம், முகம் வாடிப்போனது. "நீங்க இறுக்குனது மெஷினுக்குச் சரி. இது ரவிக்கை மாதிரி. பிடிக்கவும் பிடிக்கணும், மூச்சு விடவும் எடம் வேணும்," என்றேன். பிறகுதான் கொஞ்சம் சிரித்தார்.

ரவிக்கைக்கு அளவு பார்ப்பதுபோலத்தான் பார்த்தேன். நட்டைக் கொஞ்சம் தளர்த்துவேன், கையால் சக்கரத்தைச் சுற்றிவிடுவேன், காது கொடுத்துக் கேட்பேன். உள்ளே உரசுகிற சத்தம் உஸ்ஸென்று வரும். இன்னும் கொஞ்சம் தளர்த்துவேன். உரசல் சத்தம் நின்று சக்கரம் தங்குதடையின்றிச் சுற்றியபோது கையை எடுத்தேன். "இப்ப இழுங்க." அவர் பிரேக்கை இழுத்தார். முதலில் கொஞ்ச தூரம் சும்மா வந்து, பிறகு கப்பென்று பிடித்தது. கொக்கியைத் தள்ளினார். நான் இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்து முறுக்கினேன், அசையவில்லை. கொக்கியை விடச் சொன்னேன், சுற்றியது. திரும்பவும் போடச் சொன்னேன். இப்படியே இருட்டுகிற வரைக்கும் போட்டு எடுத்துப் பார்த்தோம். என் கையெல்லாம் கறுப்பு, சேலையெல்லாம் எண்ணெய். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இவ்வளவு நேரம் சேர்ந்து ஒரு வேலை செய்ததில்லை.

இருந்தாலும் எனக்கு நம்பிக்கை முழுதாக வரவில்லை. தளர்ந்த பிரேக் உடனே ஓடாது, நம் கண் அந்தப் பக்கம் போன பிறகுதான் நழுவும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். வாசல் சரிவில் வண்டியை நிறுத்தி, துணியில் கோடு போடுகிற நீலச் சாக்பீஸை அவரிடம் கொடுத்து, முன்டயரில் ஒரு கோடும் அதற்கு நேர் கீழே சிமெண்டில் ஒரு கோடும் போடச் சொன்னேன். இரண்டும் சேர்ந்து ஒரே கோடாக நின்றன. தைத்துக்கொண்டே ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்த்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன். கோடு பிரியவில்லை. மழை வந்து சிமெண்டில் இருந்த கோட்டை அழித்தது. துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டோம். அந்த வாரம் முழுக்க இதே வேலை. எங்கள் வாசலில் நின்ற வண்டிக்கு அந்த வாரம் கல் வைக்கக் கூடாது என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் நான் சண்டை பிடித்தேன். மதினியிடம் மட்டும் பேசவில்லை. அவரும் பேசவில்லை. கொழுந்துச் சாக்கோடு போகும்போதும் வரும்போதும் அந்த நீலக் கோட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்.

வாசல் சரிவு வேறு, கோவில் சரிவு வேறு. எங்கள் கோவிலுக்குப் போகிற பாதை கடைசியில் செங்குத்தாக ஏறும். மேலே போய்த் திரும்பி, இறக்கத்தைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். அங்கே கல்லை நம்பி நிறுத்திய ஜீப்பே ஒருமுறை சறுக்கியிருக்கிறது. அங்கே நின்றால் என் வண்டி சாந்தன்பாறையிலும் நிற்கும். அந்த அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டியதும் அந்த ஞாயிற்றுக்கிழமைதான். வழியெல்லாம் நான் சொன்ன ஜெபம் வண்டிக்காகத்தான்.

என் கணவருக்கு அன்று காலை ஷிப்ட். நான் தனியாகவே போனேன். மேலே போய்த் திருப்பி, நிறுத்தி, பிரேக்கை இழுத்து, கொக்கியைத் தள்ளினேன். இறங்குவதற்கு ஊன்றுகோலை எடுக்கும்போதே பார்க்கிறேன், மதினி. வெள்ளைச் சேலை, தலையில் முக்காடு, கையில் ஒரு கல். எத்தனையோ வருஷப் பழக்கம், அவருக்கே தெரியாமல் குனிந்து எடுத்திருப்பார்.

"வைக்காதீங்க மதினி," என்றேன்.

பூசைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கோபமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். கெஞ்சலாகத்தான் வந்தது. அவர் கல்லோடு அப்படியே நின்றார். வண்டியைப் பார்த்தார், கீழே போகிற பாதையைப் பார்த்தார். பாதை முடிகிற இடத்தில் வேதபாடப் பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள். நான் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டேன். திரும்பிப் பார்த்திருந்தால் வையுங்கள் என்று நானே சொல்லியிருப்பேன்.

பூசையில் என் மனம் நிற்கவில்லை. வெளியே ஒவ்வொரு சத்தத்துக்கும் காதைத் தீட்டிக்கொண்டேன். பெண்கள் பக்கத்தில் மதினி எப்போதும் உட்காருகிற இடத்தைப் பார்த்தேன். காலியாக இருந்தது. காய்ச்சலோடுகூட ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விடாதவர். கோபித்துக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டார் என்று நினைத்தேன். நற்கருணை வாங்கத் தன் முறை வந்தும் அவர் வரவில்லை என்றபோது, என்னதான் இருந்தாலும் நான் அப்படி எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. அவர் மட்டும் எல்லோர் முன்னாலும் சொல்லலாமா என்று உடனே எதிர்த்தும் தோன்றியது. என் புத்தி அப்படி.

கடைசி ஆசீர் முடிந்ததும் கூட்டத்துக்கு முன்னால் வெளியே வந்தேன். வண்டி விட்ட இடத்தில் நின்றது. முன்சக்கரத்தின் பக்கத்தில், சிமெண்டுத் தரையில், வெள்ளைச் சேலையோடு குந்தி உட்கார்ந்திருந்தார் மதினி. மடியில் அந்தக் கல். நகமில்லாத கட்டைவிரல் செருப்புக்கு வெளியே தெரிந்தது. நான் பக்கத்தில் போனேன். டயரில் ஒரு நீலக் கோடு, கீழே சிமெண்டில் ஒரு நீலக் கோடு. கோணலாக இருந்தது, ஆனால் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. சாக்பீஸ் துண்டு என்னுடையதுதான். என் தையல் பெட்டியிலிருந்து எப்போது எடுத்தார் என்று தெரியவில்லை.

"கோடு நகரலளா," என்றார். "பூசை முழுக்கப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு நூலுகூட நகரல."

அவர் என் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முழங்கால் மடக்கென்றது. சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். ஜனங்கள் படியிறங்கி வந்துகொண்டிருந்தார்கள். வழக்கம்போல இரண்டு பேர் என் வண்டியைப் பிடித்து இழுக்கத் தயாராக வந்தார்கள். மதினி கையை நீட்டித் தடுத்தார்.

"யாரும் தொட வேண்டாம். அவ போவா."

பிறகு என்னைப் பார்த்து, "அந்தம்மாட்ட வாறேன்னு சொல்லிரு," என்றார்.

நான் ஏறி உட்கார்ந்தேன். கண் மறைத்தது, துடைத்துக்கொண்டேன். பிரேக்கை ஒருமுறை அழுத்தி, கொக்கியை விடுவித்து, கையை மெல்லத் தளர்த்தினேன். வண்டி நகர்ந்தது. முன்னால் கல் இல்லை, பின்னால் யாரும் பிடித்திருக்கவில்லை. பிள்ளைகள் ஒதுங்கி வழிவிட்டார்கள். வளைவு திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். மதினி இன்னும் அங்கேயே நின்றார், கல்லைக் கீழே போட மறந்து.